பெட்டி இல்லை, காகிதம் இல்லை

மண்ணுக்குள் புதைக்கப்போகிற கடிகாரம் அசலாக இருந்தாலென்ன, போலியாக இருந்தாலென்ன என்று ஸீஸிமோஸ் கேட்டான். மார்கெல்லாவிடம் பதில் இருந்தது. அவன் வாய் ஓய்ந்தால்தானே சொல்வதற்கு.

"கேளுடி. இப்பல்லாம் போலியே அவ்வளவு அழகா வருது. எடை, சத்தம், முள்ளு வழுக்கிக்கிட்டுப் போற நடை, எல்லாம் அப்படியே இருக்கு. கல்லறைக்குள்ள யாரு பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கப் போறா? புழுவா?"

"அம்மா பாப்பாங்க."

"சித்தியா? அடுப்புக்கு மேல தொங்குற கடிகாரத்துல மணி பாக்கவே கண்ணாடியைத் தேடுவாங்க."

"அது வேற. இது வேற."

ஸீஸிமோஸ் அவளுடைய பெரியம்மா மகன். பிரேயஸ் துறைமுகத்தை அடுத்த நிக்கேயாவில் செயற்கைப் பல் செய்யும் பட்டறை வைத்திருந்தான். மேசை முழுக்க ஈறும் பல்லுமாக வாய்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும். பகலெல்லாம் போலிப் பல் செய்கிறவன், வேலை முடிந்ததும் அசல் கடிகாரங்களைத் தேடி இணையத்தில் அலைவான். இதே கிறுக்குப் பிடித்தவர்கள் கூடிப் பேசும் தளத்தில் அவனுக்குக் 'கடைவாய்ப்பல்' என்று பெயர். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது.

மார்கெல்லாவுக்கு அந்தக் கிறுக்கு இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கடிகாரம். வால்மோரே நிறுவனத்தின் பழைய முக்குளிப்புக் கடிகாரம், கறுப்பு முகம், சுற்றிலும் திருகு வளையம், எஃகுச் சங்கிலி. அவளுடைய அப்பா பந்தெலிஸ் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர் ஆனபோது யோகோஹாமாவில் வாங்கியது அது. பதவி உயர்ந்தால் கடிகாரம் வாங்குவது அந்தக் காலத்துக் கப்பல்காரர்களின் வழக்கம். மனைவிக்கு முத்துமாலை, தனக்குக் கடிகாரம்.

அந்தக் கடிகாரத்தோடுதான் அவர் போனார். பார்லி ஏற்றிக்கொண்டு கான்ஸ்டன்ட்ஸா துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய கப்பலில் மதியச் சாப்பாட்டுக்கு இருந்தார், மாலை முறை வேலைக்கு எஞ்சின் அறைக்கு இறங்கி வரவில்லை. கப்பலைத் திருப்பிக் கருங்கடலைச் சுற்றிச் சுற்றித் தேடினார்களாம். அதற்குப் பிறகு பிரேயஸுக்கு வந்தது ஒரு சூட்கேஸ் மட்டும். உள்ளே சட்டைகள், சவரக் கத்தி, மகளுக்கு வாங்கிய வண்ணப் பென்சில்கள். கடிகாரம் இல்லை. மார்கெல்லாவுக்கு அப்போது பதினோரு வயது. இப்போது முப்பது. அன்றைக்குக் கறுப்பு உடுத்திய அம்மா ஸ்தமாத்தியா இன்று வரை கறுப்பைக் கழற்றவில்லை.

இந்த வருஷம்தான் ஸ்தமாத்தியா ஒரு முடிவுக்கு வந்தாள். ஹியோஸ் தீவில், அவர்களுடைய ஊரான கர்தாமிலாவில், கணவனுக்குக் கல்லறை கட்டுவது என்று. உடல் கிடைக்காத கடலோடிகளுக்கு அங்கே வெறும் கல்லறை கட்டுவார்கள். உள்ளே ஒரு தொப்பியோ, சட்டையோ, புகைக்குழாயோ போட்டுப் பாதிரியார் மண் தூவுவார். பளிங்குக்குச் சொல்லியாகிவிட்டது. நோன்புக்கு முன்னால் வரும், இறந்தவர்களை நினைக்கும் ஆத்மாக்களின் சனிக்கிழமைக்குத் தேவாலயத்தில் கோதுமைப் படையல் வைத்துவிட்டு, அடுத்த வாரம் தீவுக்குக் கப்பல் ஏறுவதாகத் திட்டம்.

"கல்யாணக் கோட்டு இருக்கு. தொப்பி இருக்கு. ஆனா இதை வெறுமையாப் புதைக்க என்னால முடியாது" என்று ஸ்தமாத்தியா அலமாரியிலிருந்து ஒரு பச்சைப் பெட்டியை எடுத்து வைத்தாள். கடிகாரம் வாங்கியபோது கொடுத்த பெட்டி. உள்ளே எண் பொறித்த அட்டை. சின்ன வெல்வெட் தலையணையில் கடிகாரம் படுத்திருந்த குழி இன்னும் மேடேறவில்லை.

அந்தக் குழியைப் பார்த்த பிறகுதான் மார்கெல்லா தேட ஆரம்பித்தாள். அதே மாதிரி, அதே வருஷத்துக் கடிகாரம் ஒன்று. போலி வேண்டாம். அம்மாவின் துக்கம் போலி இல்லையே.

ஸீஸிமோஸ் எவ்வளவு கேலி செய்தானோ அவ்வளவு சொல்லியும் கொடுத்தான். "முதல்ல கடிகாரத்தைப் பாக்காத, விக்கிறவனைப் பாரு. எத்தனை வருஷமா விக்கிறான், வாங்கினவங்க என்ன சொல்றாங்க. அப்புறம் முள்ளைப் பாரு. முள்ளு பளபளன்னு, முகம் பழுப்பா இருந்தா ரெண்டும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க இல்ல. ஒளிர்ற புள்ளிங்க எல்லாம் ஒரே மாதிரி வெண்ணெய் நிறத்துல மூத்திருக்கணும். ரொம்பப் புதுசா மெருகு போட்டிருந்தா ஓடி வந்துடு. கீறல் இருக்கட்டும். கீறல்தான் அதோட முகவரி."

"எண்ணு?"

"பின் மூடியில இருக்கும். கடைசி ரெண்டு எழுத்தை விரலால மறைச்சுத்தான் படம் போடுவானுங்க. பூராவும் காட்டினா எவனாவது அதே எண்ணைப் போலியில பொறிச்சுடுவான். தனியா கேட்டா சொல்லுவான்."

கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் ஆபீஸில் மார்கெல்லாவுக்கு வேலை. மதிய இடைவேளையில் கீரைப் பணியாரத்தைக் கடித்துக்கொண்டு படம் படமாகத் தள்ளுவாள். எத்தனையோ மணிக்கட்டுகளிலிருந்து கழன்று வந்த கடிகாரங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சாவோ, விவாகரத்தோ, கடனோ நின்றுகொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றும். விற்கிறவர்கள் அதையெல்லாம் எழுதமாட்டார்கள். நல்ல நிலை, ஓடுகிறது, பெட்டி உண்டு, காகிதம் உண்டு. அல்லது, பெட்டி இல்லை, காகிதம் இல்லை.

தெற்குக் காற்று புழுதியாக வீசிய ஒரு மதியம் அவள் அதைப் பார்த்தாள்.

வால்மோரே, கறுப்பு முகம், மெருகு போடாதது. ஊர், கான்ஸ்டன்ட்ஸா. விற்பவர் தீபெரியு என்பவர், பல வருஷமாகப் பழைய நகை விற்பவர், நல்ல பெயர் உள்ளவர். விவரத்தின் கடைசியில் இப்படி இருந்தது: 'வளையத்தின் முக்கோணத்தில் ஒளிர்புள்ளி உதிர்ந்துவிட்டது. யாரோ சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். சுரண்டினால் போய்விடும். பெட்டி இல்லை, காகிதம் இல்லை.'

கடித்த கீரைப் பணியாரத்தை அவள் காகிதத்தில் திருப்பி வைத்தாள்.

யாரோ இல்லை, அவள்தான். எட்டு வயதில், சமையலறை மேசையில், அம்மாவின் நகச்சாயப் புட்டியைத் திறந்து, அப்பா நடுங்காமல் பிடித்துக்கொள்ள, தீக்குச்சி நுனியால் தொட்டு வைத்தாள். சாயம் வரம்பு மீறி இடப்பக்கம் கொஞ்சம் வழிந்தது. "பரவாயில்ல, கடல்லயும் எல்லாம் ஒரு பக்கமாத்தான் சாயும்" என்றார் அப்பா. படத்தைப் பெரிதாக்கினாள். சிவப்பு இடப்பக்கம் வழிந்திருந்தது.

நேராக நிக்கேயாவுக்குப் போனாள். ஸீஸிமோஸ் மெழுகில் ஒரு பல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தான். படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முதல் முறையாக அவனுக்குக் கிண்டல் வரவில்லை.

"சிவப்புச் சாயம் பூசின கடிகாரம் உலகத்துல ஆயிரம் இருக்கும்டி."

"எண்ணைக் கேக்கட்டுமா?"

"கேளு."

தீபெரியு உடனே அனுப்பினார். ஸ்தமாத்தியா மாலைப் பூசைக்குப் போன நேரத்தில் மார்கெல்லா பச்சைப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்தாள். போனில் இருந்த எண்ணையும் அட்டையில் இருந்த எண்ணையும் ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தாள். இரண்டாவது முறை படித்தபோதும் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இந்த எண்ணைப் போலிக்காரன் எவனும் பார்த்ததில்லை. இந்த அலமாரியை விட்டு அட்டை வெளியே போனதே இல்லை.

கருங்கடலின் அடியில் இருக்க வேண்டிய கடிகாரம் ஒரு கடைக்காரரின் மேசையில் ஓடிக்கொண்டிருந்தது.

"போறதுக்கு முன்னாலேயே துறைமுகத்துல வித்திருப்பாரு" என்றான் ஸீஸிமோஸ். "இல்ல, எவனாவது கப்பல்ல திருடியிருப்பான். திருடிட்டுத் தள்ளிக்கூட விட்டிருப்பான். என்னை அப்படிப் பாக்காத. நடக்கிறதுதானே."

"இன்னொண்ணு விட்டுட்ட."

"அதை நான் சொல்லமாட்டேன்."

சொல்லாத அந்த ஒன்று அன்றிலிருந்து மார்கெல்லாவோடு நடந்து வந்தது. டிராமில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தது. துறைமுக வாசலில் பழைய மேல்கோட்டுப் போட்ட கிழவர்கள் யாரைப் பார்த்தாலும் அவள் கண் இடது கைக்குப் போயிற்று. வீட்டில் அம்மா படையலுக்குக் கோதுமை புடைத்துக்கொண்டிருப்பாள். பெருமூச்சு விட்டு, "உங்கப்பா ஆத்மா இந்த வருஷமாவது ஒரு இடத்துல உக்காரும்" என்பாள். மார்கெல்லா அவளுடைய கறுப்புத் துணியையே பார்ப்பாள். அம்மா உண்மையிலேயே விதவைதானா? பத்தொன்பது வருஷக் கறுப்பு யாருக்காக? கல்லறை மூடுவதற்குள் இது தெரிந்தாக வேண்டும்.

பழைய கடிகாரம் வாங்கி விற்பவர்களின் உலகத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. கடிகாரம் கையில் இல்லாமலே படத்தைத் திருடி விற்கும் மோசடிக்காரர்கள் உண்டு. அதனால் வாங்குகிறவர் சாட்சிப் படம் கேட்பார். அன்றைய தேதியும் வாங்குகிறவரின் பெயரும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, கடிகாரத்தின் பக்கத்தில் வைத்துப் புதிதாக ஒரு படம். கையில் கட்டிய படமாக இருந்தால் இன்னும் நல்லது.

"பேருன்னா உன் பேரைக் கொடுத்துடாத" என்று ஸீஸிமோஸ் முன்பே எச்சரித்திருந்தான். "பேரு தெரிஞ்சா வீடு தெரிஞ்சுடும். 'நெத்திலி'ன்னு ஏதாவது எழுதச் சொல்லு."

அவள் சாட்சிப் படம் கேட்டபோது தீபெரியு எழுதினார்: 'கடிகாரம் இப்போது என்னிடம் இல்லை. உரிமையாளருக்காக விற்றுத் தருகிறேன். படம் எடுக்க ஒருநாள் கழற்றிக் கொடுத்தார், மறுபடி கட்டிக்கொண்டார். விற்கும் வரை கையிலேயே இருக்கட்டும் என்கிறார். வயதானவர். நாளை அவர் அறைக்குப் போய் எடுத்து அனுப்புகிறேன். தாளில் என்ன பெயர் எழுத?'

உரிமையாளர். கையிலேயே இருக்கட்டும் என்கிறார்.

விரல் நெத்திலிக்குப் போகவில்லை. பிறகு எத்தனை தடவை யோசித்தும் ஏன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. கதவு தட்டுபவள் தன் பெயரைத்தானே சொல்வாள். 'மார்கெல்லா வாஃபியா, பிரேயஸ்' என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் படம் வந்தது.

அழுக்கு வெள்ளை மேசைவிரிப்பு. அதன்மேல் தாள், தாளில் அவள் பெயர் பெரிய எழுத்தில். அதற்கு மேல் ஒரு கை, உள்ளங்கை தெரிய மல்லாந்து கிடந்தது. நீல நரம்பு ஓடும் உள்மணிக்கட்டில் கடிகாரத்தின் முகம் இருந்தது.

எஞ்சின் அறையில் வேலை செய்கிறவர்கள் கடிகாரத்தை அப்படித்தான் திருப்பிக் கட்டுவார்கள். வெளியே இருந்தால் குழாயில் இடித்துக் கண்ணாடி போய்விடும். அவளுடைய அப்பா வீட்டிலும் அப்படியே கட்டியிருப்பார். மணி பார்க்கும்போதெல்லாம் ஏதோ பிச்சை கேட்பதுபோலக் கையை மல்லாத்துவார்.

"எஞ்சின்காரங்க எல்லாரும் அப்படித்தாண்டி கட்டுவாங்க" என்றான் ஸீஸிமோஸ். "அது சாட்சி ஆகாது." பிறகு தாளில் எழுதியிருந்ததைப் படித்தான். கையிலிருந்த மெழுகுப் பல்லை மெதுவாகக் கீழே வைத்தான். "அடிப் பாவி, உன் பேரையா கொடுத்த?"

மாலையில் அந்த விளம்பரம் தளத்திலிருந்து காணாமல் போயிற்று. மார்கெல்லா தீபெரியுவுக்கு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். வேலை நேரத்தில் போனை மேசைமேல் மல்லாக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. தெருவோரத்து நாரத்தை மரங்கள் பழங்களை நடைபாதையில் உதிர்த்தன. ஒவ்வொரு பழம் விழும் சத்தத்துக்கும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த நாட்களில் அவளுக்கு அப்பாவின் முகம் மறந்துபோயிற்று. இருக்கும் படங்களைப் பார்த்தாலும் அது யாரோ ஒரு இளைஞன். அவர் உயிரோடு இருந்தால் முகம் அதுவாக இருக்காது. இறந்தவராக இருந்தபோது அவர் இந்த வீட்டில் ஒரு மூலையில் அமைதியாக இருந்தார். அம்மா ஏற்றும் எண்ணெய் விளக்கடியில், வயதாகாமல். இப்போது அந்த மூலை காலியாகிவிட்டது. அவர் எங்கேயும் இருக்கலாம்.

தீபெரியு நீளமாக எழுதினார், அந்த வாரக் கடைசியில்.

'மன்னிக்கவும். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் பேசாமல் இருந்தேன். அவர் பெயர் பெத்ரு என்று எங்களுக்குத் தெரியும். இங்கே படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். எங்கள் மொழி பேசுவார், ஆனால் பிறந்த மொழி அது இல்லை என்று கேட்டாலே தெரியும். யாரும் அவரைத் துருவிக் கேட்டதில்லை. கண்ணில் படலம் விழுந்துவிட்டது, வைத்தியத்துக்காகத்தான் கடிகாரத்தை விற்கச் சொன்னார். அன்றைக்குப் படம் எடுத்தபோது, தாளில் என்ன எழுதியிருக்கிறது, படி என்றார். படித்தேன். இன்னொரு தடவை படி என்றார். படித்தேன். யார் எழுதச் சொன்னது என்றார். வாங்குகிறவர் என்றேன். எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தார். தான் குடிக்கவில்லை. மறுநாள் வீட்டுக்காரி கூப்பிட்டு அனுப்பினாள். அறை திறந்து கிடந்தது. படுக்கை மடித்து வைத்திருந்தது, அதன்மேல் கடிகாரம். துறைமுகத்தில் விசாரித்தேன், யாரும் பார்க்கவில்லை. நீங்கள் யாரென்று நான் கேட்கவில்லை. கடிகாரம் வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள்.'

அவள் அதைப் பட்டறையில் வைத்து ஸீஸிமோஸுக்கு வாசித்துக் காட்டினாள். அவன் மெழுகுக் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தான். பற்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தன.

"என் பேரைக் கேட்டு ஓடியிருக்காரு" என்றாள் மார்கெல்லா. "ரெண்டாவது தடவையா."

"கண்ணு தெரியாத மனுஷன். எங்கடி போவாரு."

"போகத் தெரிஞ்சவருதானே."

கடிகாரம் பட்டறை முகவரிக்கு வந்து சேர்ந்தது. ஸீஸிமோஸ் பொட்டலத்தைப் பிரித்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, பின் மூடியைத் திருகித் திறந்தான். உள்ளே இருந்த சக்கரங்கள், திருகாணி, முத்திரை எல்லாவற்றையும் பார்த்தான். வேறொரு கடிகாரமாக இருந்தால் இந்நேரம் எழுந்து ஆடியிருப்பான்.

"அசல்" என்றான். யாரோ செத்த செய்தியைச் சொல்வதுபோல. பிறகு மூடியைப் போட்டுவிட்டு, பல் சுரண்டும் மெல்லிய கொக்கி ஒன்றை எடுத்தான்.

"மார்கெல்லா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. இந்தச் சிவப்பை எடுத்துடறேன். இதே மாதிரி வேற ஒண்ணு கிடைச்சுதுன்னு சித்திகிட்ட கொடு. நீ தேடினது அதுதானே? அவங்க அதைப் புதைக்கட்டும், அழட்டும், நிம்மதியா இருக்கட்டும். அவரு செத்தவராவே இருந்துட்டுப் போறாரு. அவருக்கும் அதுதான் வேணும் போல."

அசலைத் தேடித் தேடிக் கண்டுபிடித்து, அதையே போலியாக்குவது. மார்கெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கரித்தது. கறுப்புத் துணியோடு கர்தாமிலா மண்ணில் மண்டியிடும் அம்மாவை நினைத்தாள். படுக்கையை மடித்து வைத்துவிட்டுப் படலம் விழுந்த கண்ணோடு சுவரைத் தடவிப் போகும் கிழவரை நினைத்தாள்.

"எடு" என்றாள்.

கொக்கி பட்டதும் சிவப்பு ஒரு சின்னச் செதிலாகத் தெறித்தது. ஸீஸிமோஸ் அதை ஊதிவிட்டான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவள் வீட்டுக்கு வந்தபோது படையலுக்கான கோதுமை வெந்து, வெள்ளைத் துணியில் பரப்பி உலர்ந்துகொண்டிருந்தது. மாதுளை முத்து, பாதாம், உலர் திராட்சை, பொடித்த சர்க்கரை எல்லாம் கிண்ணம் கிண்ணமாக இருந்தன. இரண்டாம் மாடி வீட்டின் சமையலறை முழுக்க இலவங்கப்பட்டை வாசனை. ஸ்தமாத்தியா முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டிருந்தாள்.

"வந்தியா கண்ணு? காலைல நீதான் தட்டைத் தூக்கணும். எனக்கு முழங்கால் சரியில்ல."

"அம்மா, கடிகாரம் கிடைச்சுது. அதே மாதிரி ஒண்ணு."

ஸ்தமாத்தியா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோகவில்லை, கண்ணாடியைத் தேடவில்லை. முகப்பை அவள் பார்க்கவே இல்லை. சங்கிலி கடிகாரத்தோடு சேரும் இடத்தில், விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

பிறகு அம்மா, மார்கெல்லா எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். தலைத்துணியைப் பின்னுக்குத் தள்ளி, கடிகாரத்தைக் காதோரம் கொண்டுபோய், கன்னத்தை யாரோ வருடுவதுபோல மெல்லக் கீழே இழுத்தாள். நரைமுடி ஒன்று அதில் மாட்டி நீண்டது.

"இங்க ஒரு பிசிறு" என்றாள். குரல் மிகச் சாதாரணமாக இருந்தது. "ஒவ்வொரு தடவையும் என் முடியைப் பிடிச்சு இழுக்கும். அரத்தால ராவி விடுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அடுத்த தடவை வரும்போது, அடுத்த தடவை வரும்போதுன்னே சொல்லிக்கிட்டிருப்பான்."

மார்கெல்லா தோள்பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.

ஸ்தமாத்தியா முடியை அவசரமில்லாமல் விடுவித்தாள். "எங்க இருக்கான்?" என்று கேட்டாள்.

எங்கே இருந்தான் என்றல்ல.

"தெரியலம்மா. போன மாசம் வரைக்கும் கான்ஸ்டன்ட்ஸாவுல இருந்தாரு. என் பேரைக் கேட்டதும் போயிட்டாரு."

எல்லாவற்றையும் சொன்னாள். பெத்ரு என்ற பெயர், படகு எஞ்சின், கண்ணில் விழுந்த படலம், மடித்த படுக்கை, தான் சுரண்டச் சொன்ன சிவப்பு. கண் வைத்தியம் என்ற இடத்தில் ஸ்தமாத்தியா கோதுமைத் துணியின் மடிப்பை நீவி விட்டாள். சொல்லி முடித்த பிறகு ஜன்னலுக்கு வெளியே ஒரு பழைய இரும்பு வண்டிக்காரன் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனான். குளிர்பெட்டி, அடுப்பு, பழைய சலவை யந்திரம். அவன் குரல் மூலை திரும்பி மறையும் வரை இருவரும் கேட்டார்கள்.

"பத்தொன்பது வருஷம் அவனுக்குச் சோறு போட்டிருக்கேன்" என்றாள் ஸ்தமாத்தியா, கோதுமையைப் பார்த்து. "செத்தவங்களுக்குப் போடுற சோறு. உயிரோட இருக்கிறவனுக்கு அதைப் போட்டா என்ன ஆகும்னு எங்கம்மா சொல்வா. வாயில சொல்லக்கூடாது."

"அம்மா..."

"பளிங்குக்காரனுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லு. கல்லுல பேரு வெட்டியிருந்தா அழிக்கச் சொல்லு."

"நாளைக்குக் கோயிலுக்கு?"

"யாருக்காகப் போறது?"

அவள் பெரிய கிண்ணத்தை இழுத்து, கோதுமையை அள்ளிப் போட்டாள். மாதுளையைக் கொட்டினாள், பாதாமைக் கொட்டினாள். தேவாலயத்துக்கு என்றால் சர்க்கரையை மேலே பனிபோலப் பரப்பி, வெள்ளி மணிகளால் சிலுவை வரைந்து, பெயரின் முதல் எழுத்தைப் பொறிப்பாள். இப்போது எல்லாவற்றையும் ஒரே கலக்காகக் கலக்கினாள். இரண்டு கரண்டிகளை எடுத்தாள். ஒன்றை மகளின் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு. வெறும் கோதுமைதான்."

மார்கெல்லா இந்தச் சோற்றை எப்போதும் தேவாலய வாசலில், சின்னக் காகிதப் பையில், ஒரு கை அளவுதான் தின்றிருக்கிறாள். தின்னும்போது செத்தவரின் பெயரைச் சொல்லிக் கடவுள் மன்னிக்கட்டும் என்பார்கள். மேசையில் உட்கார்ந்து பசிக்குத் தின்றதில்லை. இனிப்பாக இருந்தது. அந்த ருசி அவளை வெட்கப்பட வைத்தது. அம்மா கறுப்புச் சட்டையின் கையை மடித்தபடியே தலை குனிந்து, வயலில் வேலை முடித்து வந்தவள்போல அள்ளி அள்ளித் தின்றாள். கடிகாரம் கிண்ணங்களுக்கு நடுவில் கிடந்து ஓடியது.

கீழே தெருக்கதவு திறந்து மூடியது.

படியில் காலடி ஏறியது. மெதுவாக, ஒவ்வொரு படியையும் தொட்டுப் பார்த்து வைப்பதுபோல. நேற்று வரை இந்த வீட்டில் படியேறும் சத்தத்தை யாரும் காதில் வாங்கியதில்லை. முதல் மாடி தாண்டியது. ஸ்தமாத்தியாவின் கரண்டி கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. மற்றக் கை தானாக எழுந்து, கலைந்திருந்த தலைத்துணியை நெற்றிவரை இழுத்துச் சரி செய்தது.

காலடி அவர்கள் வாசலில் ஒரு கணம் நின்று மூச்சு வாங்கியது. பிறகு மேலே போயிற்று. மூன்றாம் மாடியில் சாவி திரும்பியது.

"மேல் வீட்டுக் கிழவர்" என்றாள் மார்கெல்லா.

"தெரியும்" என்றாள் அம்மா. "சாப்பிடு."